மஜ்ஜைக்குள் இதயம் இருந்ததா?

1999இல் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் இருந்த செல்கள் துடித்தன. சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து, பல மாதங்கள் வளர்த்த செல்கள் அவை. 5-அசாசைட்டிடின் என்ற வேதிப்பொருளில் அவற்றை ஒரு நாள் ஊறவைத்து, கழுவிவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் செல்கள் நீண்டு, பக்கத்தில் இருந்தவற்றோடு ஒட்டிக்கொண்டன. இரண்டாம் வாரத்தில் தாமாகவே சுருங்கி விரிந்தன. மூன்றாம் வாரத்தில் துடித்தவை எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. கெய்ச்சி ஃபுகுடா அந்தக் குழுவில் இருந்த இதய மருத்துவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வருவார்.

மஜ்ஜை ரத்தம் செய்யும் இடம். அங்கிருந்து எடுத்த செல் இதயம்போல் துடிக்கிறது என்றால், மாரடைப்பில் தசையை இழந்தவருக்கு அவருடைய இடுப்பெலும்பிலிருந்தே புதுத் தசை செய்துகொடுத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அப்படித்தான் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளில் பல ஆயிரம் நோயாளிகளின் மஜ்ஜை உறிஞ்சப்பட்டு அவர்களுடைய இதயத்துக்குள் செலுத்தப்பட்டது. அதில் என்ன கிடைத்தது, எங்கே சறுக்கியது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மஜ்ஜைச் செல், மனித உடலுக்குள் இதயத் தசையாக மாறவில்லை.

மாரடைப்பு என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மனித இதயத்தின் இடது கீழறையில் 200 கோடி முதல் 400 கோடி வரை தசைச் செல்கள் இருப்பதாகக் கணக்கு. பெரிய மாரடைப்பு ஒன்று சில மணி நேரத்தில் 100 கோடி செல்களைக் கொன்றுவிடும். செத்த இடத்தில் தழும்பு உருவாகும். அந்தத் தழும்பு இதயச் சுவர் கிழியாமல் தாங்கிப் பிடிக்கும், ஆனால் சுருங்காது. மீதமிருக்கும் தசை கூடுதல் பாரத்தைச் சுமந்து, இளைத்து, விரிந்து, ஒருநாள் தளர்ந்துவிடும். நம் மருத்துவமனை வராந்தாக்களில் “அப்பாவுக்கு பம்பிங் முப்பதுதான்” என்று சொல்வார்களே, அந்த எண் இதைத்தான் அளக்கிறது. கீழறையில் நிறையும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதை எக்கோ காட்டும். 55க்கு மேல் இருந்தால் நல்லது. ஸ்டென்ட்டும் பைபாஸும் வாய்க்காலைத் தூர்வாருகின்றன. கருகிய பயிரை எழுப்புவதில்லை. மாத்திரைகள் மிச்சத்தைக் காக்கின்றன. இழந்த தசையை மீட்கும் சிகிச்சை எதுவும் வழக்கத்தில் இல்லை.

இதயம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாதா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த விதம் விசித்திரமானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏறத்தாழ இருமடங்காக்கின. 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாக இறங்கியது. செடி அந்தக் கார்பனை உண்டது, செடியை நாம் உண்டோம். ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் அன்றைய காற்றின் கார்பன் அளவு முத்திரையாகப் பதிந்துவிடும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தினர் இறந்தவர்களின் இதயத் தசைச் செல்களில் இந்த முத்திரையைப் படித்து, செல்லின் வயதைக் கணித்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவு: 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் தசைச் செல்கள் புதிதாகின்றன, 75 வயதில் அது 0.45 சதவீதமாகக் குறைகிறது. ஒருவர் முழு ஆயுள் வாழ்ந்தாலும் பிறந்தபோது இருந்த செல்களில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். இதயம் புதுப்பித்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் ஒரே இரவில் 100 கோடியை இழந்தவருக்கு அந்த வேகம் எதற்கு ஆகும்?

மஜ்ஜைமேல் கண் விழுந்ததற்குக் காரணங்கள் பல. டொராண்டோவில் டில், மெக்கலக் என்ற இருவர் 1961இல் மஜ்ஜைக்குள் ரத்தத்தின் விதைச் செல் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். தமிழில் குருத்தணு என்றும் பேச்சில் ஸ்டெம் செல் என்றும் சொல்கிறோம். அதை மாற்றிவைக்கும் சிகிச்சை ரத்தப் புற்றுநோயாளிகளைப் பிழைக்கவைத்தது. ஆக, ஸ்டெம் செல்லில் மருத்துவம் நன்றாக அறிந்தது மஜ்ஜையைத்தான். கருவில் ரத்தமும் இதயமும் ஒரே நடுப்படலத்திலிருந்து பிரிந்து வளர்பவை, அதனால் பங்காளி உறவு கொண்டாடவும் இடம் இருந்தது. கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்லுக்கு அறச் சிக்கல் உண்டு. 2001 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் புஷ் அதற்கான அரசு நிதியைக் கட்டுப்படுத்தினார். நோயாளியின் சொந்த மஜ்ஜைக்கு அந்தத் தொல்லை இல்லை, உடல் நிராகரிக்கும் என்ற பயமும் இல்லை. இடுப்பெலும்பில் மரத்துப்போக ஊசி போட்டு, சிறிது நேரத்தில் உறிஞ்சி எடுத்துவிடலாம். இவ்வளவு கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததுதான் அதன் பெரிய கவர்ச்சி என்று நினைக்கிறேன். பெரிய ஆபத்தும் அதுவே.

மஜ்ஜையில் ஒரே வகை ஸ்டெம் செல் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். செய்தித்தாள்கள் இதைக் குழப்பாத நாளில்லை. ரத்தம் செய்பவை ஒரு வகை. அவற்றுக்குப் படுக்கை விரித்துத் தாங்கும் திசுவில் இருப்பவை இன்னொரு வகை; எலும்பாக, குருத்தெலும்பாக, கொழுப்பாக மாறக்கூடிய இவற்றை மீசென்கைமல் செல்கள் என்பார்கள். கெயோ ஆய்வில் துடித்தது இரண்டாம் வகை. டிஎன்ஏமீது மீத்தைல் என்ற சிறு பூட்டுகள் உண்டு. எந்த மரபணு பேச வேண்டும், எது வாய்மூடி இருக்க வேண்டும் என்பதை அவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. 5-அசாசைட்டிடின் அந்தப் பூட்டுகளைக் கண்டபடி உடைக்கும். உடைந்ததில் சில செல்கள் தற்செயலாக இதயத்தின் பக்கம் சாய்ந்தன. கண்மண் தெரியாமல் பூட்டுடைக்கும் இந்தப் பொருளை நோயாளியின் இதயத்துக்காகப் பயன்படுத்த யாரும் துணிய முடியாது. பிறகு இதே பொருள் மஜ்ஜைக் கோளாறு ஒன்றுக்கு மருந்தாக அமெரிக்காவில் 2004இல் அனுமதி பெற்றது தனிக்கதை. மனித மஜ்ஜைச் செல்களில் இதே முறையைப் பலர் முயன்றார்கள். இதயத்துக்குரிய சில புரதங்கள் தலைகாட்டின. நம்பும்படியான துடிப்பு வரவில்லை.

சூழ்நிலையைத் தலைகீழாக்கியது 2001 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு கட்டுரை. டொனால்ட் ஆர்லிக், பியரோ அன்வெர்சா ஆகியோரின் குழு எழுதியது. சுண்டெலிகளுக்குச் செயற்கையாக மாரடைப்பு உண்டாக்கி, சில மணி நேரத்துக்குள் இன்னொரு சுண்டெலியின் ரத்தம் செய்யும் மஜ்ஜைச் செல்களை, சி-கிட் என்ற அடையாளம் உள்ளவற்றை, காயத்தின் ஓரத்தில் ஊசியால் செலுத்தினார்கள். ஒன்பது நாள் கழித்துப் பார்த்தபோது, சேதமடைந்த பகுதியில் 68 சதவீதத்தைப் புதுத் தசை நிரப்பியிருந்தது என்று எழுதினார்கள். ஊசி போட்ட 30 சுண்டெலிகளில் 12இல் இது நடந்ததாம். ஒன்பதே நாளில் மூன்றில் இரண்டு பங்கு! வெறுங்கையில் முழம் போட்டதுபோல் இல்லையா என்று அன்று கேட்டவர்கள் குறைவு.

அவர்கள் காட்டிய சாட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. செல் கொடுத்த சுண்டெலியின் எல்லாச் செல்களும் பச்சையாக ஒளிரும். ஜெல்லிமீனிலிருந்து எடுத்த புரதத்தின் மரபணு அதன் உடலில் சேர்க்கப்பட்டிருந்தது. இதயத் தசைப் புரதத்துக்கு வேறொரு நிறச் சாயம். நுண்ணோக்கியில் இரண்டு நிறமும் ஒரே இடத்தில் தெரிந்தால், வந்த செல் தசையாக மாறிவிட்டது என்று பொருள் கொண்டார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதயத் தசைக்கு இயல்பாகவே மங்கலான ஒளிர்வு உண்டு, அடிபட்ட தசையில் அது கூடும். வெட்டிய திசுவின் தடிமனில் ஒரு செல்லுக்குமேல் இன்னொரு செல் கிடந்தாலும் இரண்டு நிறமும் சேர்ந்து தெரியும். வந்த செல் தசைச் செல்லோடு இணைந்து ஒன்றாகிவிட்டாலும் அப்படியே. வேலிக்கு ஓணான் சாட்சி என்பதுபோல, ஒளியை நம்பி ஒளிக்கே சாட்சி சொல்லவைத்த நிலை அது.

அடுத்த ஆண்டே எச்சரிக்கை மணி ஒன்று அடித்தது. பெண்ணின் இதயம் பொருத்தப்பட்ட ஆண்களில் ஆண் செல்களைத் தேடினார்கள். ஒய் குரோமோசோம் உள்ள தசைச் செல் கிடைத்தால், அது நோயாளியின் உடலிலிருந்து இதயத்துக்குள் குடியேறியது என்றாகும். அன்வெர்சா குழு சுமார் 18 சதவீதம் கண்டதாகச் சொன்னது. சியாட்டிலில் சார்லஸ் மரி குழு எண்ணியபோது சராசரி 0.04 சதவீதம். ஒரே கேள்விக்கு இரண்டு ஆய்வுக்கூடங்கள் கொடுத்த விடைகளுக்கிடையே நானூறு மடங்குக்குமேல் வித்தியாசம். இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் வழக்கமாக எல்லோரும் கொஞ்சம் நின்று, யார் எண்ணியது தவறு என்று பார்ப்பார்கள். இங்கே யாரும் நிற்கவில்லை.

2004இல் விடை வந்தது. ‘நேச்சர்’ ஒரே இதழில் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. ஒன்று மரி, லோரன் ஃபீல்டு ஆகியோரின் குழுவுடையது, மற்றது ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ராபின்ஸ் குழுவுடையது. மரி குழுவின் உத்தி எளிமையானது, அதனாலேயே அழகானது. எப்போதும் எரியும் விளக்குக்குப் பதிலாக, செல் உண்மையிலேயே இதயத் தசை மரபணுவை இயக்கினால் மட்டும் எரியும் விளக்கை மஜ்ஜைச் செல்லுக்குள் பொருத்தினார்கள். 145 இதயங்களில் அந்தச் செல்களைச் செலுத்தினார்கள். விளக்கு எரியவில்லை. ஸ்டான்ஃபோர்டு குழு செல்களின் கதியையே பின்தொடர்ந்தது. அவை இதயத்துக்குள் போயும் தம் குலத்தொழிலை விடவில்லை, ரத்த வெள்ளணுக்களாகவே வளர்ந்தன. ஒரு மாதத்தில் பெரும்பாலானவை மறைந்தும் போயின. அதே ஆண்டு இன்னொரு குழு, அத்தி பூத்தாற்போல் சில தசைச் செல்களில் மஜ்ஜையின் அடையாளம் தெரிவதற்குச் செல்கள் இணைவதே காரணம் என்று காட்டியது.

அறிவியல் அளவில் கேள்வி அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் மருத்துவமனைகள் வெகுதூரம் ஓடிவிட்டிருந்தன.

ஜெர்மனியின் டுசெல்டோர்ஃபில் போடோ ஸ்ட்ராவர் 2001லேயே மாரடைப்பு நோயாளி ஒருவரின் இதயத் தமனி வழியாக அவருடைய மஜ்ஜைச் செல்களைச் செலுத்திவிட்டார். அடுத்த ஆண்டு பத்து நோயாளிகளின் முடிவுகள் வெளிவந்தன. சுண்டெலி ஆய்வை அடுத்தவர் திரும்பச் செய்து பார்ப்பதற்குமுன் மனிதர்மீது முயன்றாயிற்று. ஃபிராங்ஃபுர்ட், ஹானோவர், பிறகு நார்வே, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா என்று பரவியது. தில்லியின் எய்ம்ஸிலும் அந்தப் பத்தாண்டில் இதய அறுவை மருத்துவர்கள் இதில் இறங்கினார்கள்.

ஹானோவரின் பூஸ்ட் ஆய்வில் 60 பேர். ஆறு மாதத்தில், செல் பெற்றவர்களின் பம்பிங் 6.7 புள்ளி உயர்ந்தது, பெறாதவர்களுக்கு 0.7தான். 2004இல் இந்த முடிவு வந்தபோது பெரும் உற்சாகம். பதினெட்டாம் மாதத்தில் இரண்டு குழுவுக்கும் இடையே புள்ளியியல் கணக்கில் வேறுபாடு இல்லாமல் போனது. அந்தச் செய்தி முதல் செய்தியளவுக்குப் பரவவில்லை. 2006 செப்டம்பரில் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. 204 பேர் பங்கேற்ற ஜெர்மானிய ஆய்வில் பம்பிங் 5.5 புள்ளி உயர்வு, போலி ஊசி பெற்றவர்களுக்கு 3.0. நார்வேயின் 100 பேர் ஆய்வில் எந்தப் பலனும் இல்லை. அமெரிக்க அரசு நிதியில் 120 பேரிடம் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்விலும் பலன் இல்லை.

பலன் இருந்தது என்று சொன்ன அந்த 204 பேர் ஆய்விலும் வேறுபாடு இரண்டரைப் புள்ளிதான். எக்கோ எடுப்பவர் மாறினாலே அவ்வளவு மாறும் என்று இதய மருத்துவர்கள் சொல்வார்கள்.

இந்த முரண்பாட்டுக்கு லண்டனில் டேரல் ஃபிரான்சிஸ் குழு 2014இல் ஒரு விளக்கம் கொடுத்தது. படித்தபோது எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. 49 ஆய்வுகளின் 133 கட்டுரைகளை எடுத்து, கூட்டல் கழித்தலைச் சரிபார்த்தார்கள். அட்டவணையில் இருக்கும் எண்ணிக்கை உரையில் வேறு. சதவீதம் ஆளெண்ணிக்கையோடு ஒத்துப்போகவில்லை. இப்படி 600க்கும் மேற்பட்ட பிழைகள். பிழையே இல்லாத ஆய்வுகளில் சராசரிப் பலன் மைனஸ் 0.4. முப்பதுக்கு மேல் பிழைகள் உள்ள ஆய்வுகளில் 7.7. பிழை கூடக்கூடப் பலன் கூடியது. இவ்வளவு எளிய சோதனையை, பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்த எவரும் செய்திருக்கலாம். பத்தாண்டுகளாக யாரும் செய்யவில்லை.

எல்லா ஐயத்தையும் தீர்க்க ஐரோப்பா ஒரு பெரிய ஆய்வைத் திட்டமிட்டது: பாமி. 3,000 பேரைச் சேர்த்து, பம்பிங் எண்ணை விட்டுவிட்டு, யார் உயிரோடு இருக்கிறார் என்பதையே எண்ணுவது நோக்கம். சரியான கேள்வி. ஆனால் சேர்ந்தவர்கள் 375 பேர்தான். இரண்டு ஆண்டுகளில் செல் பெற்றவர்களில் 6 பேரும் பெறாதவர்களில் 7 பேரும் இறந்திருந்தார்கள். 2020இல் வெளிவந்த இந்த எண்களிலிருந்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. இருபது ஆண்டுகள் ஓடி, கடைசியில் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்விக்கு ஆள் கிடைக்கவில்லை.

அன்வெர்சாவின் கதையைத் தொடாமல் போக முடியாது. மஜ்ஜைக்குப் பிறகு அவர் இதயத்துக்குள்ளேயே சி-கிட் அடையாளமுள்ள ஸ்டெம் செல்கள் இருப்பதாக 2003 முதல் வாதிட்டார்; ஹார்வர்டோடு இணைந்த பிரிகம் மருத்துவமனைக்கு மாறினார். 2014இல் அவர் குழுவின் ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு வேறொரு குழு, இதயத்தின் சி-கிட் செல்கள் தசையாக மாறுவது மிக அரிது என்று மரபணு அடையாளத்தோடு காட்டியது. 2017இல் பிரிகம் மருத்துவமனையும் அதன் தாய் நிறுவனமும் அமெரிக்க அரசுக்கு 1 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டன. போலித் தரவுகளைக் காட்டி ஆய்வுநிதி பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2018 அக்டோபரில், அவர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டும் பிரிகமும் இதழ்களைக் கேட்டுக்கொண்டன. நோயாளிகளிடம் சி-கிட் செல்களைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு ஆய்வை அமெரிக்க தேசிய இதய நிறுவனம் அதே மாதம் நிறுத்திவைத்தது.

ஆனால் முழுப் பழியையும் ஒரு மனிதர்மீது இறக்கிவைப்பது மற்றவர்களுக்கு வசதியாகப் போய்விடும். டுசெல்டோர்ஃபிலும் ஹானோவரிலும் தில்லியிலும் மஜ்ஜையைச் செலுத்தியவர்கள் யாருடைய கட்டளையிலும் செய்யவில்லை. விலங்கில் பச்சை ஒளி தெரிந்தது, நோயாளி சாகக் கிடக்கிறார், செல் அவருடையதே, கெடுதல் ஒன்றும் இல்லை. பிறகென்ன என்ற நினைப்பு எங்கும் இருந்தது. ‘செல் தசையாக மாறுகிறதா?’ என்பதும் ‘நோயாளிக்கு நன்மையா?’ என்பதும் இரண்டு கேள்விகள். முதலாவதற்கு இல்லை என்று விடை வந்தபின், இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள்: மாறாவிட்டால் என்ன, செல் ஏதோ ஒரு சாறு சுரந்து இதயத்துக்கு உதவுகிறது என்றார்கள். இதை எளிதில் ஒதுக்கவும் முடியாது. செலுத்திய செல்களில் இதயத்தில் தங்குபவை மிகக் குறைவு என்று ஹானோவர் குழுவே அளந்திருந்தது. அடையாளமிட்ட சாதாரண மஜ்ஜைச் செல்களில் சுமார் 1.3 முதல் 2.6 சதவீதம்தான் தங்கின. இத்தனை சொற்பம் ஏதாவது செய்கிறதென்றால் அது சுரப்பால்தான் இருக்க முடியும்.

இந்த வாதத்தை வேறு பக்கம் திருப்பியது சின்சினாட்டியில் ஜெஃப்ரி மோல்கென்டின் குழு 2019 இறுதியில் வெளியிட்ட ஆய்வு. மாரடைப்பு கண்ட சுண்டெலிகளுக்கு உயிருள்ள செல்களைக் கொடுத்தார்கள். உறையவைத்துக் கொன்ற செல்களைக் கொடுத்தார்கள். ஈஸ்டிலிருந்து வரும் சைமோசான் என்ற பொருளையும் கொடுத்தார்கள். மூன்றிலும் இதயம் ஓரளவு தேறியது. ஊசி போட்ட இடத்துக்கு உடலின் மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் வந்து, அழற்சியை உண்டாக்கி, தழும்பை உறுதியாக்கியதே காரணம் என்றார்கள். செத்த செல்லும் ஈஸ்ட் துகளும் அதே வேலையைச் செய்யுமென்றால், ஸ்டெம் செல் என்ற பெயருக்கு அங்கே என்ன வேலை?

மீசென்கைமல் செல்களின் பக்கத்தையும் சொல்லிவிடலாம், சுருக்கமாகவே போதும். மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் நோயாளியின் மஜ்ஜையிலிருந்து இந்தச் செல்களை எடுத்து, வளர்ச்சிக் காரணிகள் சிலவற்றைக் கலந்த கரைசலில் வைத்து, இதயத் திசையில் ‘வழிப்படுத்தி’ச் செலுத்தினார்கள். நம் தலைப்புக்கு மனிதரிடம் நடந்த நேரான சோதனை இதுதான். ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் நடந்து 2016இல் வெளிவந்த சார்ட்-1 ஆய்வில் 271 பேரின் முடிவுகளைப் பார்த்தபோது, முதன்மை இலக்கில் பலன் இல்லை. வேறொருவரின் மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை 500க்கும் மேற்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதித்த ட்ரீம்-எச்எஃப் ஆய்வும் முதன்மை இலக்கை அடையவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாக அதில் தெரிந்தது. அது தசை முளைத்ததற்கான சான்று ஆகாது. ‘மீசென்கைமல் ஸ்டெம் செல்’ என்ற பெயரைப் பரப்பிய ஆர்னால்ட் கேப்லனே 2017இல், அந்தப் பெயரை மாற்ற வேண்டும், இவை உடலில் ஸ்டெம் செல்லாக வேலை செய்யவில்லை என்று எழுதினார். பெயர் வைத்தவரே பெயரைத் திரும்பக் கேட்டது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை.

மஜ்ஜைச் செல் ஏன் மாற மறுத்தது? ஒரு செல்லின் வளர்ச்சியை மலையுச்சியிலிருந்து உருளும் கல்லாகக் கற்பனை செய்தவர் வாடிங்டன் என்ற உயிரியலாளர். கல் கீழே வரவரப் பள்ளத்தாக்குகள் கிளை பிரியும். ரத்தத்தின் பள்ளத்தில் இறங்கிவிட்ட கல், பக்கத்து மேட்டைத் தாண்டி இதயத்தின் பள்ளத்துக்குத் தானாகப் போகாது. அதைத் திரும்பவும் உச்சிக்கு ஏற்ற வேண்டும். 2006இல் ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களைக் கொண்டு சுண்டெலித் தோல் செல்லை உச்சிக்கு ஏற்றிக் காட்டினார். அடுத்த ஆண்டு மனிதச் செல்லை. 2012இல் நோபல் பரிசு. இப்படி உருவாவதை ஐபிஎஸ் செல் என்கிறார்கள். உச்சிக்குப் போனபின் இதயத்தின் பள்ளத்துக்கு இறக்குவது, கருவில் இயற்கை எப்படிச் செய்கிறதோ அந்த வரிசையைப் பின்பற்றுவதுதான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 2012இல் ‘வின்ட்’ என்ற சமிக்ஞையை முதலில் தூண்டி, சில நாள் கழித்து அடக்கினால் போதும் என்று காட்டினார்கள். பத்து நாள் அளவில் தட்டு துடிக்கும். அதில் 80 முதல் 98 சதவீதம் வரை இதயத் தசைச் செல்கள் இருக்கும். 5-அசாசைட்டிடினின் குருட்டாம்போக்கோடு இதை ஒப்பிட்டால் ஏணி வைத்தாலும் எட்டாது.

இந்தப் பாதையிலும் முள் இல்லாமல் இல்லை. 2014இல் சியாட்டில் குழு கரு ஸ்டெம் செல்லிலிருந்து செய்த 100 கோடி இதயத் தசைச் செல்களைக் குரங்குகளின் இதயத்தில் வைத்தபோது அவை வேர்விட்டன, குரங்கின் தசையோடு ஒன்றாகத் துடித்தன. கூடவே ஆபத்தான தாளக் கோளாறும் வந்தது. புதுச் செல் முதிராத செல். தன் சொந்தத் தாளத்தை விடாமல் கொட்டும். ஒசாகாவில் யோஷிகி சாவா குழு ஐபிஎஸ் தசைத் தாள்களை 2020 ஜனவரியில் முதல் நோயாளியின் இதயத்தின்மேல் ஒட்டியது. 2025இல் அதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பமும் போனது. தாள் இதயத்தின்மேல் கிடந்து சாறு சுரக்கிறதா, உண்மையில் தசையாக உழைக்கிறதா என்ற பழைய கேள்வி இங்கேயும் எழுகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் செயற்கைத் தசைப் பட்டை ஒன்றைக் குரங்குகளிடமும் ஒரு நோயாளியிடமும் வைத்து, நோயாளியின் இதயத்தை மாற்று அறுவையில் எடுத்துப் பார்த்தபோது ஒட்டிய தசை உயிரோடு இருந்ததை 2025 தொடக்கத்தில் காட்டினார்கள். இது சரியான சாட்சி: திசுவையே எடுத்துப் பார்த்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குமுன் மஜ்ஜைக்காரர்கள் இந்தப் பொறுமையைக் காட்டியிருந்தால்!

இப்போது ஃபுகுடா. 1999இல் மஜ்ஜைச் செல்லைத் துடிக்கவைத்த அதே கெய்ச்சி ஃபுகுடா, ‘ஹார்ட்சீட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஐபிஎஸ் செல்லிலிருந்து செய்த இதயத் தசை உருண்டைகளை நோயாளிகளின் இதயச் சுவருக்குள் ஊசியால் செலுத்தும் ஆய்வை நடத்திவருகிறார். மஜ்ஜையை அவர் விட்டுவிட்டார்.

மஜ்ஜை என்னவோ தன் வேலையில் சூரன். வேலூர் சிஎம்சியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. அங்கே ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவரின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, ரத்தம் உறையத் தேவையான மரபணுவை ஏற்றி, திருப்பிச் செலுத்திய சிகிச்சை 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. அந்தச் செல்கள் மஜ்ஜைக்கே திரும்பின, தம் குலத்தொழிலான ரத்தத்தையே செய்தன, கூடவே குறையாக இருந்த புரதத்தையும் சுரந்தன. செல்லை அதன் பள்ளத்தாக்கைவிட்டு இழுக்கவில்லை என்பதால் அது கைகூடியது.

கடைசியாக, இதைப் படிப்பவர் வீட்டில் பம்பிங் குறைந்த ஒருவர் இருக்கலாம்; மஜ்ஜை எடுத்து இதயத்துக்குப் போட்டுவிடலாம் என்று யாராவது சில லட்சங்களுக்கு விலை பேசியும் இருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற நிறுவப்பட்ட சிகிச்சைகளைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். எண் இல்லை என்றாலும், எண் இருந்தும் அந்த ஊசிக்குப் பணம் கேட்டாலும், எழுந்து வந்துவிடுங்கள். பம்பிங் குறைந்தவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைகளை மட்டும் ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள்.